ஆங்கிலத் தேர்வும் தமிழ் வகுப்பறையும்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய வடிவம்)



தமிழ் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஆங்கிலத் திறன் தேர்வைத் தலைப்பாக எடுத்தது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடியில் தொடங்கி அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயில், ஆவடி என்று நீளும் சி.டி.எச். சாலையை ஒட்டியும், அந்தப் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் குடியேறிய முதல் தலைமுறை, 1950களிலும் 60களிலும் இங்கே எழுந்த ஆலைகளை நம்பி வந்தது. டிஐ சைக்கிள், டன்லப், லூகாஸ் டிவிஎஸ், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றின் சம்பளத்தில் வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பொறியியலும் நர்சிங்கும் முடித்துவிட்டு இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் அயர்லாந்துக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அவர்கள் தாண்டவேண்டிய முதல் படி ஐஇஎல்டிஎஸ், ஓஇடி போன்ற ஒரு தேர்வு. ஐஇஎல்டிஎஸ் ஒருமுறை எழுதப் பதினேழாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுபவர்களைக் கேட்டால் பேசுவதிலும் கேட்பதிலும் தப்பித்துவிட்டோம், வாசிப்பிலும் எழுத்திலும்தான் அடிபட்டோம் என்பார்கள்.

இதற்கு ஆங்கில வகுப்பைக் குறை சொல்வது வழக்கம். நான் இங்கே முன்வைக்கும் கருத்து வேறு. இந்த இரண்டு பகுதிகளிலும் நம் மாணவர் இழக்கும் மதிப்பெண்ணில் கணிசமான ஒரு பங்கு, படித்ததை ஆராயவும் எடுத்த கருத்தை நிறுவவும் பழகாததால் போகிறது. அந்தப் பழக்கத்தைக் கொடுக்கவேண்டிய இடம் தாய்மொழி வகுப்பு. அதை நாம் கொடுக்கவில்லை. ஆகவே ஆங்கிலத் தேர்வின் தோல்விக்குத் தமிழ் வகுப்பறையும் பதில் சொல்லியாக வேண்டும்.

1. தேர்வு எதை அளக்கிறது

ஐஇஎல்டிஎஸ் என்ற பெயரில் இந்தத் தேர்வு 1989இல் தொடங்கியது. வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்வி. அகாடமிக் பிரிவில் மூன்று நீண்ட கட்டுரைகள் வரும். மூன்றும் சேர்ந்து இரண்டாயிரம் சொற்களைத் தாண்டும். விடைகளைத் தாளில் எடுத்தெழுதத் தனி நேரம் கிடையாது. எழுத்துப் பகுதிக்கும் 60 நிமிடம். முதல் பணி குறைந்தது 150 சொற்களில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது. ஜெனரல் பிரிவினருக்கு அதற்குப் பதிலாக ஒரு கடிதம். இரண்டாம் பணி குறைந்தது 250 சொற்களில் ஒரு வாதக் கட்டுரை. இரண்டாம் பணிக்கு முதல் பணியைப்போல் இருமடங்கு மதிப்பு. கனடாவின் குடியேற்றப் புள்ளிகளில் மேல் தட்டுக்கு ஏற விரும்புபவருக்கு வாசிப்பிலும் எழுத்திலும் 7 பேண்டு (தரப்புள்ளி) வேண்டும். ஜெனரல் வாசிப்பில் அது ஏறக்குறைய நாற்பதுக்கு 34 சரியான விடை. ஆறு கேள்விகளைத்தான் தவறவிடலாம்.

எழுத்தைத் திருத்தும் முறையைக் கவனியுங்கள். அளவுகோல் நான்கு. கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் வந்திருக்கிறதா என்பது முதலாவது. கருத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து கோவையாக வருகின்றனவா என்பது இரண்டாவது. சொல்வளமும் இலக்கணமும் மூன்றாவது, நான்காவது. நான்குக்கும் சம மதிப்பு. அதாவது சரிபாதி மதிப்பெண், யோசனையின் ஒழுங்குக்குப் போகிறது. பயிற்சி மையத்தில் வாங்கிவந்த சொற்பட்டியலும் இலக்கணக் கையேடும் மற்ற பாதிக்குத்தான் உதவும்.

செவிலியர் எழுதும் ஓஇடி இதை இன்னும் பச்சையாகக் காட்டுகிறது. அங்கே எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடக்கூடாது, நோயாளியின் குறிப்புகளைப் படிக்கமட்டுமே அனுமதி. பிறகு 180 முதல் 200 சொற்களுக்குள் ஒரு கடிதம். குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 68 வயது அம்மா, இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர், சர்க்கரை நோயாளி, தனியாக வசிப்பவர், வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை, சிறுவயதில் அம்மை கண்டிருக்கிறது, மகள் வாரம் ஒருமுறை வந்துபோகிறார், வலிக்கு இன்ன மாத்திரை. கடிதம் யாருக்கு என்றால், வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கப்போகும் பிசியோதெரபிஸ்டுக்கு. அவருக்கு இரண்டாம் மாடி முக்கியம், மாடிப்படி முக்கியம், வலி மாத்திரை எப்போது கொடுக்கப்படுகிறது என்பது முக்கியம். அம்மை தேவையில்லை. எல்லாவற்றையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிக்கொடுத்த செவிலியர் தேர்வில் சறுக்குவார். எது வேண்டும், எது வேண்டாம், எது முதலில் என்று பிரித்தவர் ஓரிரு இலக்கணப் பிழையோடும் தேறுவார். இத்தேர்வின் ஆறு எழுத்து அளவுகோல்களில் மொழிப் பிழையை நேராகப் பார்ப்பது ஒன்றே ஒன்று.

இங்கிலாந்தின் செவிலியர் பதிவு மன்றம் 2018 இறுதியில் ஐஇஎல்டிஎஸ் எழுத்துக்கான தேவையை மட்டும் 7இலிருந்து 6.5ஆகக் குறைத்தது. மற்ற மூன்று பகுதிகளிலும் 7 அப்படியே நின்றது. தகுதியுள்ள பலர் எழுத்தில் மட்டும் அரைப் புள்ளி வித்தியாசத்தில் நின்றுவிடுவதைப் பார்த்தே இந்தத் தளர்வு. எழுத்து என்ற தடை நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உலகெங்கும் நான்கு பகுதிகளில் எழுத்தின் சராசரிதான் தாழ்ந்து கிடக்கிறது.

2. எழுதியிருப்பதும் நாம் அறிந்திருப்பதும்

வாசிப்புப் பகுதியில் மாணவர் மிகவும் அஞ்சும் வினாவகை ஒன்று உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, கட்டுரையின்படி அது சரியா, தவறா, அல்லது அதுபற்றிக் கட்டுரையில் தகவலே இல்லையா என்று கேட்பார்கள். மாணவர் வாய்ச்சொல்லில் இது ‘நாட் கிவன்’ கேள்வி. இது ஆங்கிலச் சிக்கல்தானா என்று சோதிக்க எளிய வழி, அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்ப்பது. இதற்காகவே எழுதிய ஒரு சிறு பத்தியைப் படிக்கிறேன்.

‘அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் அரசால் அமைக்கப்பட்டது. அருகிலிருந்த பெரிய வாகன ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே பெருகின. ஆலைகளின் ஆர்டர் குறைந்த ஆண்டுகளில் பட்டறைகளும் தள்ளாடின.’

இப்போது நான்கு கூற்றுகள். பெரிய ஆலைகளின் சுணக்கம் சிறு பட்டறைகளைப் பாதித்தது. தொழிற்பேட்டையை உருவாக்கியவர்கள் தனியார் முதலாளிகள். தொழிற்பேட்டையில் இன்று மென்பொருள் நிறுவனங்களும் இயங்குகின்றன. ஆர்டர் குறைந்ததால் பல பட்டறைகள் மூடப்பட்டன.

முதலாவது சரி, இரண்டாவது தவறு. இவற்றில் யாருக்கும் தடுமாற்றம் இராது. மூன்றாவதற்கு அம்பத்தூர்க்காரர் பலரும் ‘சரி’ என்பார்கள். தினமும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டித்தானே வருகிறோம்! ஆனால் பத்தியில் அந்தச் செய்தி இல்லை. நான்காவது இன்னும் நுட்பமானது. பத்தி ‘தள்ளாடின’ என்பதோடு நிற்கிறது. மூடப்பட்டன என்பது நாம் சேர்த்துக்கொண்டது, ஒருவேளை வீட்டில் கேட்ட உண்மைக் கதையிலிருந்தே சேர்த்துக்கொண்டது. இரண்டுக்கும் விடை ‘தகவல் இல்லை’. இங்கே தவறியவரை எந்த ஆங்கில அகராதியும் காப்பாற்றியிருக்காது. பத்தி முழுவதும் நல்ல தமிழில்தான் இருந்தது.

இந்த ஒழுக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. தொழிற்பேட்டையில் லேத் முன் நிற்கும் டர்னரிடம் ஒரு டிராயிங் வந்தால், அதில் போட்ட அளவுக்குத்தான் அவர் கடைவார். ஓரிடத்தில் டாலரன்ஸ் குறிக்கவில்லை என்றால் போன மாதம் செய்த ஜாப்பை நினைத்து ஊகிக்க மாட்டார், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்பார். அப்பாவின் கைக்கு வந்த இந்த வாசிப்பு, பட்டம் பெற்ற மகளின் கைக்கு ஏன் வரவில்லை என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நம் பொதுத்தேர்வில் பெரும்பகுதி, ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்திலிருந்து வருகிறது. பாடத்துக்கு வெளியே ஒரு பத்தியைக் கொடுக்கும்போதும், கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினால் பெரும்பாலும் மதிப்பெண் விழும். ஐஇஎல்டிஎஸ் கேள்வியைத் தயாரிப்பவர் அந்தச் சொல்லை வேண்டுமென்றே மாற்றிவிடுகிறார். பத்தியில் ‘சுணக்கம்’ இருந்தால் கேள்வியில் ‘பின்னடைவு’ இருக்கும். அதே சொல் கண்ணில் பட்டால் அது பல நேரம் பொறியாகவே இருக்கும். பன்னிரண்டு ஆண்டு சொல்லைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, பொருளைத் தேடு என்று ஆறு வாரத்தில் கற்பிக்க முடியாமல் பயிற்சி மையங்கள் திணறுகின்றன.

3. வார்ப்படக் கட்டுரையின் எல்லை

எழுத்துக்குப் பயிற்சி மையங்கள் கொடுக்கும் மருந்து டெம்ப்ளேட். அதன் தமிழ் வடிவம் இப்படி இருக்கும்: ‘இன்றைய நவீன உலகில் இப்பொருள் பெரும் விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. இதற்கு நன்மைகளும் உண்டு, தீமைகளும் உண்டு. இக்கட்டுரை இரு பக்கங்களையும் அலசி முடிவுக்கு வரும்.’ இந்த மூன்று வரியில் கைப்பேசியை வைக்கலாம், மரண தண்டனையை வைக்கலாம், மிருகக்காட்சிசாலையை வைக்கலாம். எல்லாம் பொருந்தும் என்பதாலேயே எதையும் சொல்லாத வரிகள். உள்ளே ‘ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின்படி எழுபது விழுக்காட்டினர்’ என்று நடக்காத ஆய்வு ஒன்றும் வரும். பொய்யை எழுதச் சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்குவது எனக்கு உவப்பாக இல்லை.

தேர்வாளர்களுக்கும் இது தெரியும். வெளியிடப்பட்டிருக்கும் பேண்டு விளக்கங்களில், இணைப்புச் சொற்களை எந்திரத்தனமாக அடுக்குவது நடுத்தர பேண்டுகளின் குறையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. விடை முழுவதும் மனப்பாடம் என்பது உறுதியானால் பேண்டு சுழியம். டெம்ப்ளேட்டால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஐந்தில் கிடப்பவரை ஐந்தரைக்கோ ஆறுக்கோ அது இழுத்து வரலாம். வெற்றுத் தாளைக் கண்டு உறைந்துபோகிறவருக்கு அது ஒரு பிடிமானம். ஆறரையும் ஏழும் வேண்டுவோருக்கு அதே பிடிமானம் கால்கட்டு.

நகர நெரிசலைக் குறைக்கச் சாலையை அகலப்படுத்துவது மேலா, பொதுப் போக்குவரத்தைப் பெருக்குவது மேலா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி மாணவருக்கு இதைவிடச் சாதகமான கேள்வி ஏது? பூந்தமல்லியையும் கலங்கரை விளக்கத்தையும் இணைக்க 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ பாதை திட்டமிட்டது ஏன் என்று அவரால் சொல்ல முடியும். அகலப்படுத்திய சாலைக்குப் புதிய வண்டிகள் வந்து சேரும், ரயிலில் ஒரு பெட்டி கூட்டினால் சாலையில் இடம் மிஞ்சும் என்று காரணம் காட்ட முடியும். மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோதான் கதி என்றால் பாதிப்பேர் பைக்கை விடமாட்டார்கள் என்று எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்யவும் முடியும். ஒரு நிலைப்பாடு, ஒரு காரணம், ஒரு சான்று, ஒரு மறுப்பு, அதற்குப் பதில் என்று 250 சொல் வந்துவிட்டது. எளிய ஆங்கிலத்தில் எழுதினாலே போதும். ஆனால் மாணவர் இந்தச் சரக்கைத் தொடுவதில்லை. சொந்த ஊரும் சொந்த யோசனையும் கட்டுரைக்கு உரியவை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

4. நம்மிடம் இருந்ததும் நாம் கொடுத்ததும்

தமிழ் வகுப்பில் கட்டுரை எப்படி எழுதவைக்கிறோம்? குறிப்புச் சட்டகத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்: முன்னுரை, நான்கு உட்தலைப்பு, முடிவுரை. தலைப்பு ‘மரம் வளர்ப்போம்’, ‘தூய்மை இந்தியா’, ‘சாலைப் பாதுகாப்பு’. மரம் வளர்ப்பதற்கு எதிர்க்கட்சி உண்டா? மறுப்பவரே இல்லாத தலைப்பில் மாணவர் எதை நிறுவுவார்? புகழத்தான் முடியும். புகழ்ந்து புகழ்ந்து பழகிய கை, ஆங்கிலத் தேர்வில் ‘எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்’ என்று கேட்டவுடன் நடுங்குகிறது. ஆங்கில டெம்ப்ளேட்டை நொந்துகொள்ளும் நாம்தான் தமிழில் அதற்கு அச்சாரம் போட்டுவைத்தோம்.

இதில் வருத்தம் என்னவென்றால், இந்தக் கலை நம் இலக்கணத்தில் துறைபோகப் பேசப்பட்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், ஆசிரியர் ஒருவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை எழுவகை மதம் என்று வகுக்கிறது. உடன்படுவது ஒன்று. மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்று நடந்து பிறகு களைவது ஒன்று. தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது ஒன்று. இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒருபக்கம் துணிவது ஒன்று. ஐஇஎல்டிஎஸ் இரண்டாம் பணியின் கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடன்படுகிறீர்களா இல்லையா என்பது ஒருவகை. இரு தரப்பையும் ஆராய்ந்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்பது இன்னொரு வகை. அதே பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் சொல்கிறது. சொல்லியதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, ஒன்றைத் தொடங்கி வேறொன்றை விரிப்பது, போகப்போகத் தேய்ந்து முடிவது. திருத்துபவர் கையில் இருக்கும் அளவுகோலில் முதலிரண்டும் ஏறக்குறைய இவைதாம்.

உரைகளுக்கு வாருங்கள். பரிமேலழகர் தமக்கு முன் சொல்லப்பட்ட பொருளை எடுத்துக்காட்டி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் சொல்லித்தான் மேலே நகர்கிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்கள் வாதத்துக்குப் பாடமாக வைக்கத் தக்கவை. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் இலக்கண விளக்கம் என்ற ஒரு நூலை மறுப்பதற்கென்றே சூறாவளி என்ற பெயரில் தனி நூல் எழுதினார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் செய்தது என்ன? எழுவகை மதத்தை எழுதுக, பத்துக் குற்றம் யாவை என்று குறுவினாவாகக் கேட்டோம். மாணவர் பட்டியலை ஒப்பித்தார், மதிப்பெண் வாங்கினார், மறந்தார். ஒரு மதத்தையாவது கையாண்டு ஒரு பக்கம் எழுதிக்காட்டு என்று கேட்டதில்லை.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு கனமானது. ஆங்கிலச் சொல்லே தெரியாதவருக்குத் தமிழ் வாத முறை என்ன செய்யும்? லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஆல்டர்சன் 1984இல் இதையே கேள்வியாக வைத்தார்: அயல்மொழி வாசிப்பில் இடறுவது வாசிப்புக் குறையா, மொழிக் குறையா? இரண்டும்தான், ஆனால் மொழியறிவு ஓர் அளவுக்குக் கீழே இருக்கும்வரை மொழிக் குறையே மிகுதி என்பது அவர் எட்டிய முடிவு. பால் நேஷன் 2006இல் காட்டிய கணக்கின்படி, பொதுவான ஆங்கில நூலைத் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். எலிசபெத் பெர்ன்ஹார்ட் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன மதிப்பீட்டில், இரண்டாம் மொழி வாசிப்புத் திறனில் சுமார் 20 விழுக்காடு முதல் மொழி எழுத்தறிவிலிருந்தும், சுமார் 30 விழுக்காடு இரண்டாம் மொழியறிவிலிருந்தும் வருகிறது. மீதி இன்னும் விளக்கப்படாதது. ஆக, ஆங்கிலம் படிக்காமல் நன்னூலைப் படித்தால் பேண்டு ஏறும் என்று யாரும் இங்கிருந்து எழுந்துபோக வேண்டாம். சொல்லும் இலக்கணமும் ஆங்கிலத்தில் உழைத்துத்தான் வரும். ஆனால் அந்த 20 விழுக்காட்டை வளர்ப்பதற்குப் பள்ளியும் கல்லூரியுமாகப் பதினான்கு ஆண்டு தமிழ் வகுப்பு நம் கையில் இருக்கிறது. அரைப் பேண்டில் தோற்பவருக்கு அது சிறிய பங்கும் அல்ல.

இரண்டாம் மறுப்பு: தேர்வே இவ்வளவு நன்றாக யோசனையை அளக்கிறதென்றால், அதற்குப் படித்தாலே யோசனை வந்துவிடாதா? இலங்கை இதற்குப் பதில் சொல்கிறது. 1980களின் இறுதியில் அங்கே சாதாரண தர ஆங்கிலத் தேர்வை மாற்றி, மொழியைப் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கும்படி அமைத்தார்கள். டயான் வாலும் ஆல்டர்சனும் வகுப்பறைகளைத் தொடர்ந்து கவனித்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் எதைக் கற்பித்தார்கள் என்பது மாறியிருந்தது. எப்படிக் கற்பித்தார்கள் என்பது மாறவில்லை. நல்ல தேர்வையும் பழைய முறையில் பயிற்றலாம். நம் சாலையோரப் பயிற்சி மையங்கள் செய்வது அதுதான்.

மூன்றாவது, ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழே சரியாக வாசிக்க வராதே என்பது. வராது என்பது உண்மையானால் அவர்களுக்கு எந்த மொழியிலும் வாதம் செய்யக் கற்பிக்கப்படவில்லை என்றுதான் பொருள். வீட்டில் தமிழில்தான் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் காரணமும் சான்றும் சரளமாக வருகின்றன. அங்கிருந்து தொடங்கலாம். இந்தத் தேர்வுகளே வெள்ளைக்காரன் போட்ட வேலிதானே என்ற நான்காவது மறுப்பில் நியாயம் உண்டு. அதை அரசியல் களத்தில் பேசுவோம். அதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் செவிலியருக்குத் தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

ஆறே வாரம் கையில் இருக்கும் மாணவர்க்கு ஒரு சொல். நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றை நாள்தோறும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் தமிழ், ஒருநாள் ஆங்கிலம். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரித் தலைப்பு எழுதுங்கள். பத்திக்கு ஏற்ற தலைப்பைப் பொருத்தும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பிறகு கட்டுரையாளரை மறுத்து அரைப் பக்கம் எழுதுங்கள்.

இந்தப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தை மாற்றப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். அகமதிப்பீட்டுத் தேர்வின் வினாத்தாள் உங்கள் கையில் இருக்கிறது. பகுதி ஒன்று தமிழ்த் தாளில் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, சரியா தவறா தகவல் இல்லையா என்று நான்கு கூற்றுகள் கேளுங்கள். இரு தரப்புக்கும் நியாயம் உள்ள ஒரு தலைப்பில், சட்டகம் கொடுக்காமல் 250 சொற்களில் ஒரு கட்டுரை கேளுங்கள். வரும் பருவத்தின் முதல் தேர்வுக்கே இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள்.